இருட்டறையில் கிடந்த இளவரசன், தந்தையாக வந்த பாதிரியார்: இரண்டாம் சரபோஜியின் கதையும் பாலூட்டிகளின் பாசமும்

தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் பக்கத்தில் இருக்கும் சிவகங்கைப் பூங்காவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். அந்தப் பூங்காவை ஒட்டி 1779-ல் கட்டிய ஒரு சின்ன தேவாலயம் இருக்கிறது. ஸ்வார்ட்ஸ் சர்ச் என்று கேட்டால் ஊர்க்காரர்கள் வழி காட்டுவார்கள். உள்ளே சுவரில் ஒரு வெள்ளைப் பளிங்குச் சிற்பம். லண்டன் சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மன் செதுக்கி, கப்பலில் வந்து சேர்ந்தது.

சிற்பத்தில் ஒரு முதியவர் படுக்கையில் கிடக்கிறார். உயிர் பிரியும் நேரம். தலைமாட்டில் இன்னொரு பாதிரியார், கால்மாட்டில் பள்ளிச் சிறுவர்கள். தலைப்பாகை கட்டிய ஒரு இளைஞர் அந்த முதியவரின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

படுத்திருப்பவர் ஜெர்மானிய லூத்தரன் பாதிரியார் கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக் ஸ்வார்ட்ஸ். கையைப் பிடித்திருப்பவர் தஞ்சை மராட்டிய அரசர் இரண்டாம் சரபோஜி. ஒருவர் பிரஷ்ய நாட்டில் பிறந்தவர், இன்னொருவர் போன்ஸ்லே குலத்தவர். ரத்த சம்பந்தம் கிடையாது, மதம் வேறு, மொழி வேறு. சரபோஜி கடைசி வரை மதம் மாறவும் இல்லை. ஆனாலும் இந்தச் சிற்பத்தைச் செய்யச் சொல்லி, செலவை ஏற்று, தேவாலயத்தில் வைத்தவர் சரபோஜியேதான்.

சரஸ்வதி மகால் நூலகம், கண் அறுவை சிகிச்சை, மனோரா கோபுரம் என்று சரபோஜியைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய சாதனைகள். அவர் எப்படி வளர்ந்தார், யார் வளர்த்தார்கள் என்ற கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பெற்றவர் அல்லாத ஒருவர் குழந்தையை வளர்ப்பதை விலங்கியலாளர்கள் பல பாலூட்டி இனங்களில் கவனித்து எழுதியிருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் சரபோஜியின் கதை வேறு மாதிரி தெரிகிறது.

9 வயதில் மாறிய வீடு

சரபோஜி பிறந்தது 1777 செப்டம்பர் 24. தஞ்சை மராட்டிய அரச குலத்தின் ஒரு கிளைக் குடும்பம். அப்போது தஞ்சையை ஆண்டவர் துளஜாஜி. பெற்ற பிள்ளைகளையும் பேரனையும் ஒவ்வொருவராகப் பறிகொடுத்து, உடம்பும் கெட்டுப்போயிருந்த நேரத்தில், 1787 ஜனவரியில் இந்தச் சிறுவனைத் தத்தெடுத்தார். அப்போது சரபோஜிக்கு 9 வயது முடிந்து சில மாதங்கள். தத்தெடுத்த சில நாட்களிலேயே துளஜாஜி இறந்துவிட்டார்.

சாவதற்கு முன்பு அவர் செய்த ஒரு காரியம்தான் இந்தக் கதையின் தொடக்கம். பாதிரியார் ஸ்வார்ட்ஸை அரண்மனைக்கு வரவழைத்து, இந்தப் பிள்ளை இனி என் பிள்ளை இல்லை, உங்கள் பிள்ளை என்று அவரிடம் ஒப்படைக்கப் பார்த்தார்.

அரண்மனையில் அத்தனை உறவினர்கள் இருக்க, ஒரு வெளிநாட்டுப் பாதிரியார் எதற்கு? காரணம் இருக்கிறது. ஸ்வார்ட்ஸ் 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர். திருச்சியில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு தஞ்சைக்கு வந்து நிலைத்தவர். தமிழ், மராத்தி, பாரசீகம் எல்லாம் பேசுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1779-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஹைதர் அலியிடம் தூது அனுப்ப ஆள் தேடியபோது இவரைத்தான் தேர்ந்தெடுத்தது.

அடுத்து ஹைதருடன் போர் மூண்டு டெல்டா முழுக்கப் பஞ்சம். தஞ்சைக் கோட்டைக்குள் சாப்பாடு இல்லை. கிராமங்களில் நெல் இருந்தது, ஆனா விவசாயிகள் கொண்டுவரத் தயாராக இல்லை. முன்பு கொடுத்த நெல்லுக்கும் மாட்டு வண்டிக்கும் அரசு அதிகாரிகள் காசு கொடுத்ததே இல்லை, அப்புறம் யார் தருவார்கள்? பணத்துக்கு நான் பொறுப்பு என்று ஸ்வார்ட்ஸ் சொன்ன பிறகுதான் மாடுகளும் நெல்லும் கோட்டைக்கு வந்தன. ஊரைவிட்டு ஓடிப்போன ஆயிரக்கணக்கான குடியானவர்களும் அவர் கொடுத்த வாக்கை நம்பி வயலுக்குத் திரும்பினார்கள்.

இந்த நம்பிக்கை எப்படி உருவாகிறது என்பதைப் பாலூட்டிகளிடம் பார்த்தவர்கள் உண்டு. கோஸ்டா ரிக்காவில் ரத்தம் குடிக்கும் வௌவால்களைக் கவனித்த ஜெரால்டு வில்கின்சன் 1984-ல் வெளியிட்ட ஆய்வு ரொம்பப் பிரபலம். இரை கிடைக்காமல் பட்டினியாகத் திரும்பும் வௌவாலுக்கு இன்னொன்று தான் குடித்ததைக் கக்கி ஊட்டுகிறது. சொந்தக்கார வௌவால் என்றில்லை, பக்கத்தில் தொங்கிப் பழகிய வௌவாலுக்கும் இந்தப் பங்கு உண்டு. முன்பு தனக்குக் கொடுத்தது எது என்பதும் கணக்கில் வருகிறது. காவிரிக் கரை விவசாயி போட்ட கணக்கும் ஏறக்குறைய அதுதான். அதிகாரி கொடுக்கவில்லை, ஐயர் கொடுப்பார். அந்த நாட்களில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வார்கள்.

ஸ்வார்ட்ஸ் செய்த தப்பு

சரி, துளஜாஜி ஒப்படைத்த பிள்ளையை ஸ்வார்ட்ஸ் ஏற்றுக்கொண்டாரா? இல்லை. அவரைப் பற்றிய புகழ்ப் பாடல்களில் இந்த இடத்தை மெதுவாகத் தாண்டிப் போய்விடுவார்கள்.

மாதத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் என்னால் பிள்ளையைப் பார்க்க முடியும், அரண்மனைக்குள் அவனை யார் பார்த்துக்கொள்வார்கள், பொறாமையால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்பது அவருடைய தயக்கம். அதனால் துளஜாஜியின் சகோதரர் அமர்சிங்கைப் பாதுகாவலராக வைக்கும்படி யோசனை சொன்னார். சித்தப்பா முறை, ரத்த சொந்தம், கூடவே இருப்பவர். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. துளஜாஜியும் ஒத்துக்கொண்டு, பிள்ளையை அன்பாகப் பார்த்துக்கொள்ளும்படி தம்பியிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

அதே 1787-ல் அமர்சிங் தானே அரசரானார். தத்து செல்லுமா என்று கம்பெனி பண்டிதர்களைக் கேட்டது. வீட்டுக்கு ஒரே மகனைத் தத்துக் கொடுக்கக் கூடாது, வயதும் கூடிவிட்டது என்று பதில் வந்தது. சட்டப்படி பார்த்தால் 9 வயதுப் பையனுக்கு அன்றோடு அப்பாவும் இல்லை, பட்டமும் இல்லை. பெற்ற வீட்டுக்கும் திரும்ப முடியாது.

அதன் பிறகு அரண்மனைக்குள் நடந்ததுதான் கொடுமை. சரபோஜி வெளிச்சமும் காற்றும் சரியாக வராத இடத்தில் அடைத்து வைக்கப்பட்டார். படிப்பு கிடையாது. வெளியே போக அனுமதி இல்லை. துளஜாஜியின் விதவை மனைவியரும் தங்களை மோசமாக நடத்துவதாகப் புகார் சொன்னார்கள். தன் யோசனையால்தான் இந்த நிலை வந்தது என்பது ஸ்வார்ட்ஸுக்குத் தெரியும். சென்னையில் இருந்த கம்பெனி அரசுக்கு மனு மேல் மனு எழுத ஆரம்பித்தார்.

அடைத்து வைத்தால் என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்கு 20-ம் நூற்றாண்டில் கிடைத்த பதில்கள் கொஞ்சம் வயிற்றைக் கலக்குபவை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ என்ற உளவியலாளர் 1950-களில் ரீசஸ் குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்தார். கூண்டில் இரண்டு பொம்மைத் தாய்கள். ஒன்று கம்பியால் ஆனது, அதில் பால் புட்டி. இன்னொன்று மெத்தென்ற துணி போர்த்தியது, பால் கிடையாது. குட்டி பால் குடிக்க மட்டும் கம்பித் தாயிடம் போய்விட்டு, மற்ற நேரமெல்லாம் துணித் தாயைக் கட்டிப்பிடித்துக் கிடந்தது. சோறு போடுவதால்தான் குழந்தைக்குப் பாசம் வருகிறது என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த கோட்பாடு அங்கேயே ஆட்டம் கண்டது.

பிறகு ஹார்லோ இன்னும் கொடூரமான வேலையில் இறங்கினார். குட்டிகளை மாதக்கணக்கில் முழுத் தனிமையில் வைத்தார். வெளியே வந்தபோது அவை தன்னைத்தானே கடித்துக்கொண்டன, ஆடிக்கொண்டே இருந்தன, மற்ற குரங்குகளோடு சேரத் தெரியவில்லை. இன்றைக்கு இப்படி ஒரு சோதனைக்கு எந்த அறநெறிக் குழுவும் அனுமதி கொடுக்காது.

மனிதர்களிடம் யாரும் சோதனை செய்யவில்லை, ஆனால் ருமேனியாவில் அது தானாகவே நடந்திருந்தது. 1989-ல் செளசெஸ்கு ஆட்சி கவிழ்ந்தபோது அங்குள்ள அநாதை இல்லங்களில் குழந்தைகள் தொட்டில் தொட்டிலாகக் கிடந்தார்கள். சாப்பாடு வரும், தூக்கிக் கொஞ்ச ஆள் வராது. 2000-ல் புக்கரெஸ்டில் தொடங்கிய ஆய்வு அப்படிப்பட்ட 136 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். சுமார் இரண்டு வயதுக்குள் ஒரு குடும்பத்தின் கையில் போய்ச் சேர்ந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள்.

சரபோஜிக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம். அவர் கதவுக்குப் பின்னால் போனது 9 வயதுக்கு மேல். அதற்கு முன்பு பெற்றவர்கள் மடியில் வளர்ந்த குழந்தைப் பருவம் அவருக்கு இருந்தது. பிறந்த உடனே தொட்டிலில் போடப்பட்ட ருமேனியக் குழந்தையின் நிலையும் அவருடைய நிலையும் ஒன்றல்ல. வேர் பிடித்த நாற்றைப் பிடுங்கி நட்டால் சில நாள் வாடும், பிறகு நிமிரும். வேரே பிடிக்காத நாற்றின் கதை வேறு. டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, வெளியே ஒருவர் அவருக்காக எழுதிக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருந்தார். ஹவாய் தீவுக்கூட்டத்தில் உள்ள கவாய் தீவில் 1955-ல் பிறந்த குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, குடி, சண்டை என்று எல்லாக் கஷ்டமும் சேர்ந்த வீடுகளில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலைக்கு வந்தார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றில் ஒன்று, விடாமல் அக்கறை காட்டிய ஒரு பெரியவர். அது அம்மா அப்பாவாக இருக்க வேண்டும் என்று இல்லை. பாட்டி, மாமா, டீச்சர், யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

யானைக் கூட்டத்தில் யார் அம்மா?

சரபோஜியின் சரஸ்வதி மகால் நூலகத்தில் யானை, குதிரை பற்றிய பழைய சாஸ்திரங்கள் வண்ணப் படங்களோடு இருக்கின்றன. யானை சாஸ்திரத்தைச் சொன்னவராகக் கருதப்படும் பாலகாப்பிய முனிவர் பற்றி ஒரு கதை உண்டு. அவர் ஒரு பெண் யானையின் வயிற்றில் பிறந்து, யானைக் கூட்டத்தோடு காட்டில் வாழ்ந்தவராம். அங்க நாட்டு அரசன் ரோமபாதன் அந்தக் கூட்டத்தைப் பிடித்துக்கொண்டு போனபோது, பின்னாலேயே போய் அவற்றின் காயங்களுக்கு மருந்து போட்டாராம். கதைதான். ஆனால் யானையோடு நெருக்கமாகப் பழகியவர்கள் கட்டிய கதை என்பது படித்தாலே புரியும்.

யானைக் கூட்டம் பெண்களின் கூட்டம். ஒரு மூத்த பெண் யானை, அதன் மகள்கள், தங்கைகள், பேத்திகள். ஆசிய யானை 18 முதல் 22 மாதம் வரை சினையாக இருக்கும். குட்டி பிறந்ததும் மற்ற பெண் யானைகள் சூழ்ந்துகொள்ளும். சேற்றில் சிக்கினால் தூக்கிவிடும், மேட்டில் ஏறத் தள்ளிவிடும், நடக்கும்போது நடுவில் வைத்துக் காக்கும். இந்த வளர்ப்புத் தாய்மையில் இன்னும் குட்டி போடாத இளம் யானைகளுக்கும் பெரிய பங்கு உண்டு. நம்ம வீட்டு அத்தை, சித்தி மாதிரிதான்.

மனிதர்களும் அப்படித்தான். நீலகிரியில் தெப்பக்காடு முகாமில் தாயை இழந்த யானைக்குட்டி ரகுவை பொம்மன், பெள்ளி தம்பதி வளர்த்ததை ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படத்தில் உலகமே பார்த்தது. இனமே வேறு, பாசத்துக்கு அது தடையாக இல்லை.

ராஜஸ்தானின் மவுன்ட் அபுவில் அனுமன் குரங்குகளை ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் சாரா ஹர்டி, பிறந்து சில நாளே ஆன குட்டியைத் தாய்க் குரங்கு மற்ற பெண் குரங்குகளிடம் கொடுப்பதைக் கவனித்தார். பின்னாளில் அவர் வைத்த வாதம் இது: மனிதக் குழந்தையைப் போல இத்தனை ஆண்டு கையில் வைத்துக் காக்க வேண்டிய பிள்ளையை ஒரு தாய் தனியாக வளர்த்திருக்கவே முடியாது. பாட்டி, அத்தை, அக்கா, அக்கம்பக்கம் என்று பலர் கை கொடுத்ததால்தான் நம் இனம் பிழைத்தது. சிம்பன்சித் தாய் பிறந்த குட்டியை மாதக்கணக்கில் யாரிடமும் விடாது. நாமோ பிறந்த அன்றே குழந்தையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்க்கிறோம்.

சென்னையில் கிடைத்த இரண்டாவது குழந்தைப் பருவம்

ஸ்வார்ட்ஸின் மனுக்கள் கடைசியில் பலித்தன. 1793-ல் கம்பெனி தலையிட்டு, சரபோஜியையும் துளஜாஜியின் விதவையரையும் சென்னைக்குக் கூட்டிப்போனது. அங்கே அவருடைய படிப்பைப் பார்த்துக்கொண்டவர் ஸ்வார்ட்ஸின் நண்பரான கெரிக்கே பாதிரியார். ஆங்கிலம், கணிதம், அறிவியல் எல்லாம் அந்தச் சில ஆண்டுகளில் உள்ளே போயின. பிற்காலத்தில் அவர் ஆயிரக்கணக்கில் ஐரோப்பியப் புத்தகங்கள் வாங்கிக் குவித்ததற்கான விதை இங்கே விழுந்தது.

ஸ்வார்ட்ஸ் இப்படி வளர்த்தது சரபோஜியை மட்டும் இல்லை. திருநெல்வேலியிலிருந்து கூட்டிவந்து தஞ்சையில் படிக்க வைத்த ஒரு சிறுவன் பின்னாளில் வேதநாயகம் சாஸ்திரியாராகப் பெயர் பெற்றார். சரபோஜிக்கும் அவருக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம். ஒரே பாதிரியாரின் நிழலில் வளர்ந்த இருவரும் நண்பர்கள். அந்தக் கிறிஸ்தவக் கவிஞரைச் சரபோஜி பிறகு தன் அரண்மனைக் கவிஞராக ஏற்றுக்கொண்டார்.

ஹார்லோவின் தனிமைக் குரங்குகளுக்கும் ஒரு தொடர்ச்சி இருக்கிறது. ஆறு மாதம் தனியாகக் கிடந்து கெட்டுப்போன குரங்குகளை என்ன செய்தும் சரியாக்க முடியவில்லை. 1970-களின் தொடக்கத்தில் ஹார்லோவும் அவர் மாணவர் ஸ்டீபன் சுவோமியும் மூன்று மாத வயதுள்ள குட்டிகளை அவற்றோடு விளையாட விட்டார்கள். சின்னக் குட்டிகள் பயமுறுத்தவில்லை. போய் ஒட்டிக்கொண்டன, விளையாடக் கூப்பிட்டன. சில மாதங்களில் பெரிய குரங்குகளின் நடத்தை பெரும்பாலும் சீரானது. பெரியவரின் அரவணைப்போடு விளையாட்டுத் தோழமையும் மருந்துதான் என்பது அங்கே தெரிந்தது.

இதற்கிடையே தத்து விவகாரம் மறுபடி கிளறப்பட்டது. முன்பு தீர்ப்புச் சொன்ன பண்டிதர்களின் கருத்தே தவறு என்றும் தத்து செல்லும் என்றும் காசி வரை கேட்டு முடிவானது. அமர்சிங் பதவி இழந்து திருவிடைமருதூருக்குப் போனார்.

ஆனா அந்த நாளைப் பார்க்க ஸ்வார்ட்ஸ் இல்லை. 1798 பிப்ரவரி 13-ல் அவர் இறந்தார். சரபோஜி வந்து முகம் பார்க்க வேண்டும் என்பதற்காக அடக்கம் தள்ளிப்போனது. வந்தவர் அழுதார், பொன் சரிகைத் துணியை உடல் மேல் போர்த்தினார், கல்லறை வரை கூடவே நடந்தார். அரச குலத்து இந்து ஒருவர் பிணத்தின் பக்கத்தில் அப்படி நிற்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் இல்லை. அப்போது அவருக்கு வயது 20. அடுத்த நான்கே மாதத்தில், ஜூன் 29-ம் தேதி, சரபோஜி அரியணை ஏறினார்.

நாடு போனது, சத்திரம் தங்கியது

அரியணை கிடைத்த அடுத்த ஆண்டே அதிகாரம் கையைவிட்டுப் போனது. 1799 ஒப்பந்தப்படி தஞ்சையின் நிர்வாகம் முழுவதும் கம்பெனிக்கு. சரபோஜிக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும். ஆட்சி என்பது கோட்டைக்கும் அதைச் சுற்றிய இடத்துக்கும் மட்டும். எதை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று ஒரு மனிதர் அடம்பிடிக்கிறார் என்பதில் அவர் யாரென்று தெரியும். சரபோஜி அடம்பிடித்தது சத்திரங்களுக்காக.

தஞ்சையிலிருந்து ராமேஸ்வரம் போகும் சாலையில் மராட்டிய அரசர்கள் வரிசையாகச் சத்திரங்கள் கட்டியிருந்தார்கள். பெரும்பாலும் ராணிகளின் பெயரில். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம் அப்படி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மானியக் கிராமங்கள், அவற்றின் நெல்தான் சத்திரத்தின் சோறு. அந்தக் கிராமங்களும் கம்பெனிக்குப் போய்விடும் நிலை வந்தபோது, 1801-ல் சரபோஜி பிரிட்டிஷ் ரெசிடென்டுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சத்திரங்களில் என்ன நடக்கிறது என்பதை ஒவ்வொன்றாக விவரிக்கும் கடிதம் அது.

அதில் உள்ள விவரம் இது. பிராமணர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் எல்லாருக்கும் சாப்பாடு. நடு இரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருக்கிறீர்களா என்று அறிவித்து, வருகிறவர்களுக்குச் சோறு போடுவார்கள். நோயாளிக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும். பாம்புக்கடி பார்க்கத் தெரிந்த வைத்தியர் உண்டு. யாத்திரை வந்த இடத்தில் இறந்துபோனால் அவரவர் சாதி வழக்கப்படி காரியம் செய்துவிடுவார்கள்.

அடுத்து வருவதுதான் முக்கியம். வழியில் பெற்றோரை இழந்த குழந்தைகள் சத்திரத்து ஆசிரியரின் பொறுப்பு. அவர்களுக்கு நாளைக்கு மூன்று வேளை சாப்பாடு, நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல், துணிமணி, மருந்து, விரும்பிய படிப்பு. வளர்ந்த பிறகு கல்யாணச் செலவும் சத்திரத்துடையது. கைக்குழந்தைகளுக்குப் பால். கர்ப்பிணிகள் அங்கேயே பிரசவித்தால் செலவெல்லாம் சத்திரம் ஏற்கும், பிரசவத்துக்குப் பிறகு மூன்று மாதம் தங்கிக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவாள். பாட்டி எண்ணெய் தேய்ப்பாள், அம்மா பத்தியம் பார்ப்பாள், சித்தி குழந்தையைத் தூக்கிக்கொள்வாள். ராமேஸ்வரம் சாலையில் யாரும் இல்லாமல் வலி வந்த பெண்ணுக்கு அந்தச் சத்திரம் மூன்று மாதத் தாய்வீடு. ஹர்டி 200 ஆண்டுகள் கழித்து எழுதிய விஷயத்துக்கு இங்கே ஒரு நிர்வாக ஏற்பாடே இருந்திருக்கிறது.

நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் என்பதையும் சாதாரணமாகக் கடந்துவிட வேண்டாம். தாய் எலி தன் குட்டியை எவ்வளவு நக்கிக் கொடுக்கிறதோ, அதைப் பொறுத்து அந்தக் குட்டி பெரிதானதும் பதற்றத்தைத் தாங்கும் சக்தி மாறுகிறது என்று கனடாவில் மைக்கேல் மீனி குழுவினர் 1990-களில் காட்டினார்கள். குறைமாதக் குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறையை இன்று அரசு மருத்துவமனைகளிலேயே பார்க்கலாம். தொடுதல் என்பது பாலூட்டிக்கு உணவு மாதிரி. அநாதைக் குழந்தைக்குச் சோறு போட்டால் போதும் என்று நினைக்காமல், யாரோ ஒருவர் உட்கார வைத்துத் தலையில் எண்ணெய் தேய்க்க வேண்டும் என்பதையும் ஒரு நாட்டின் அரசர் கடிதத்தில் எழுதுகிறார். அந்த அரசர் அதற்கு 8 ஆண்டுகளுக்கு முன்புதான் இருட்டறையிலிருந்து வெளியே வந்தவர்.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தச் சத்திரங்களுக்கு வந்த நெல்லை விளைவித்த டெல்டாவில் பண்ணையாட்கள் தலைமுறை தலைமுறையாக அடிமைகளாக உழைத்துக்கொண்டிருந்தார்கள். சத்திரங்களும் சாதி ஒழுங்கை மாற்ற முயலவில்லை. பாசத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதும் பாலூட்டிகளின் கதையில் ஒரு பகுதிதான். தன் கூட்டத்துக் குட்டிக்கு உயிரைக் கொடுக்கும் குரங்கு, பக்கத்துக் கூட்டத்தைக் கண்டால் பல்லைக் காட்டும்.

முக்தாம்பாளும் 50 பிள்ளைகளும்

சரபோஜி தன் பங்குக்குக் கட்டிய பெரிய சத்திரம் ஒரத்தநாட்டில் இருக்கிறது. அது பட்டத்து ராணியின் பெயரில் இல்லை. முக்தாம்பாள், அவர் காதலித்த, சடங்குப்படி மனைவியாகாத பெண். இளம் வயதிலேயே இறந்துபோனவர். தன் பெயரில் ஒரு சத்திரம் வேண்டும் என்பது அவரது கடைசி ஆசை என்கிறார்கள். ஊரே முக்தாம்பாள்புரம் என்று பெயர் மாறியது. அரண்மனை மரபு அவருக்குக் கொடுக்காத இடத்தைச் சரபோஜி சாலையோரத்தில் கல்லில் கொடுத்தார்.

ஸ்வார்ட்ஸ் நினைவாக, ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் கண்ணந்தங்குடியில் 50 ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் படிப்பும் கிடைக்க ஏற்பாடு செய்தார். அரண்மனை அச்சகத்தில் குழந்தைகளுக்காக மராத்தியில் ஈசாப் கதைகள் அச்சாயின. தன்வந்திரி மகாலில் கண் நோயாளிகளின் விவரங்களைப் படத்தோடு பதிவு செய்யும் வழக்கம் வந்தது. கடைசி வரை அவர் வீட்டு வாசல் ஆட்களால் நிறைந்தே இருந்தது. 1820-ல் காசிக்குக் கிளம்பியபோதும் பெரிய பரிவாரத்தோடுதான் போனார்.

1832 மார்ச் 7-ல் சரபோஜி இறந்தார். மகன் சிவாஜி பட்டத்துக்கு வந்தார். 1855-ல் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தபோது, வாரிசு இல்லை என்று சொல்லி கம்பெனி தஞ்சை அரச பட்டத்தையே முடித்துவைத்தது. ஒரு தத்தைச் செல்லாது என்றும், பிறகு செல்லும் என்றும் சொன்ன அதே கம்பெனி.

ஸ்வார்ட்ஸின் கல்லறை தஞ்சை புனித பேதுரு ஆலயத்தில் இருக்கிறது. கல்லில் ஆங்கிலத்தில் ஒரு கவிதை பொறித்திருக்கிறார்கள். எழுதியவர் சரபோஜி. இலக்கணம் அங்கங்கே இடறும். அதில் ஸ்வார்ட்ஸை அவர் தந்தை என்றே கூப்பிட்டிருக்கிறார். கடைசியில் பட்டங்கள் எதுவும் போடாமல் தன் பெயரை மட்டும் எழுதியிருக்கிறார்.